எதை எதோடு ஒப்பிடுவது? 2021 ஏப்ரலில் எங்கள் வீட்டுத் தடுப்பூசிக் கணக்கு

2021 ஏப்ரல் 17, சனிக்கிழமை காலை அப்பாவைக் கொரோனா தடுப்பூசிக்குக் கூட்டிப்போவதாக இருந்தேன். ஆதார் நகல், சர்க்கரை மாத்திரைச் சீட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் மஞ்சள் பையில் தயார். அம்மா தொலைக்காட்சியைப் போட்டாள். நடிகர் விவேக் இறந்துவிட்டார் என்று ஓடியது. இரண்டு நாள் முன்புதான், 15ஆம் தேதி, சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் அவர் கோவேக்சின் போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று பேசியிருந்தார். மறுநாள் மாரடைப்பு. அதற்கும் மறுநாள் விடிகாலை உயிர் போய்விட்டது. 59 வயது.

அப்பா ஒன்றும் பேசாமல் மஞ்சள் பையை எடுத்து அலமாரிக்குள் வைத்தார்.

"அப்பா, டோக்கன் போட்டாச்சு."

"நான் நல்லாத்தானம்மா இருக்கேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எதுக்கு இந்த வம்பு?"

அவருக்கு அப்போது 66 வயது. பதினெட்டு வருடச் சர்க்கரை. இதயத்தில் ஒரு ஸ்டென்ட், அதற்காக ரத்தம் நீர்க்கும் மாத்திரை. நான் மருத்துவர் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். அன்றைக்கு அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவர் சொன்ன பழமொழிக்குள் ஒரு கணக்கு இருந்தது, அந்தக் கணக்கில் ஒரு பிழையும் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நாளும் ஒரு நாற்பது பக்க நோட்டும் ஆயின.

ஒரு தட்டில் இன்றைய நல்ல உடம்பு, இன்னொரு தட்டில் ஊசி போட்ட உடம்பு என்று வைத்துத்தான் அப்பா எடை போட்டார். அப்படி வைத்தால் உலகத்தில் எந்தத் தடுப்பூசியும் தோற்றுப்போகும். போட்ட இடமாவது வலிக்குமே. ஆனால் அந்த முதல் தட்டில் இருக்க வேண்டியது, ஊசி போடாமல் வரப்போகும் மே, ஜூனைக் கடக்கப்போகிற உடம்பு. அதற்குத் தொற்று வர எவ்வளவு வாய்ப்பு, வந்தால் இந்த வயதில் என்ன ஆகும் என்ற இரண்டையும் பெருக்கிப் பார்த்த பிறகுதான் ஊசியின் ஆபத்தை எதிரில் வைக்க முடியும்.

வாய்ப்பு எவ்வளவு? எங்கள் தெருவிலேயே அந்த வாரம் மூன்று வீடுகளில் நோய். பிறகு வந்த ஆய்வுகளைப் பார்த்தால் நாங்கள் பயந்தது குறைவு என்றே படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நாடு முழுவதும் ரத்த மாதிரி எடுத்து, தொற்றோ ஊசியோ பார்த்த உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்தது. 2020 டிசம்பர், 2021 ஜனவரியில் சுமார் 21 விழுக்காட்டினருக்கு இருந்தது. ஜூன், ஜூலையில் அது 67.6 விழுக்காடு. ஊசி போட்டவர்களும் அதில் அடக்கம்தானே என்று கேட்கலாம். 6 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்கு அப்போது தடுப்பூசியே கிடையாது. அவர்களிலும் 57 விழுக்காட்டினருக்கு இருந்தது. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோதே வீட்டுக் குழந்தைகளில் பாதிக்கு மேல் தொற்று பார்த்துவிட்டது. ஆக, "ஊசியும் வேண்டாம், நோயும் வராது" என்பது அந்தக் கோடையில் ஒருவர் தேர்ந்தெடுக்கக்கூடிய வழியாகவே இருக்கவில்லை. நிறையப் பேர் அதைத்தான் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

மிச்சம் இருந்தவை நான்கு: கோவிஷீல்டு, கோவேக்சின், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பது, வந்தால் வரட்டும் என்று விடுவது.

ஊசிக்கு எதிராக அன்றைக்குப் பேசப்பட்டவற்றில் எது நிஜமான ஆபத்து, எது தற்செயல் என்று முதலில் பிரிக்க வேண்டியிருந்தது. விவேக்கின் மரணத்தையே எடுத்துக்கொள்வோம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியமான இடப்பக்கக் குழாய் முழுதாக அடைபட்டிருந்தது என்று சிகிச்சை கொடுத்தவர்கள் அன்றே சொன்னார்கள். தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் மத்தியக் குழு, ஊசிக்கும் இந்த இறப்புக்கும் தொடர்பில்லை என்று பல மாதம் கழித்து அக்டோபரில் முடிவு சொன்னது. ஏப்ரலில் எங்களிடம் அந்த முடிவு இல்லை. இருந்தது ஒரு எளிய எண்ணிக்கை மட்டும். சாதாரண வருடத்திலேயே தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு ஆயிரம் பேருக்கு மேல் இறக்கிறார்கள். 45 வயதுக்கு மேற்பட்ட லட்சக்கணக்கானோருக்கு ஊசி போட்டுக்கொண்டே போனால், போட்ட மறுநாள் மாரடைப்பில் இறப்பவர்களும் அவர்களுக்குள் இருந்தே தீர்வார்கள். அப்படி இறந்தவர்கள் வழக்கமாக இருப்பதைவிட அதிகமா என்பதுதான் கேள்வி. ஒரு மரணத்தை வைத்து, அது எவ்வளவு நெஞ்சை உலுக்கினாலும், அதற்குப் பதில் சொல்ல முடியாது. இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அவரு சிரிக்க வச்ச மனுசன்மா" என்றார். அந்தத் துக்கத்தோடு நான் வாதாடவில்லை.

நிஜமான ஆபத்து வேறொன்று. கோவிஷீல்டு என்பது ஆக்ஸ்ஃபோர்டு-ஆஸ்ட்ராசெனெகா ஊசியின் புனே தயாரிப்பு. மார்ச் மாதமே டென்மார்க், ஜெர்மனி போன்ற நாடுகள் அந்த ஊசியை நிறுத்திவைத்தன. மிகச் சிலருக்கு ஊசி போட்ட பிறகு, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவில் இருந்து வரும் ஒரு புரதத்தையே எதிரியாக நினைத்து உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடுகிறது. அது தட்டணுக்களைத் தூண்டிவிட, மூளை, வயிறு என்று வழக்கமில்லாத இடங்களில் ரத்தம் உறைகிறது. உறைவதற்கே தட்டணுக்கள் தீர்ந்துபோவதால், ஒரு பக்கம் உறைவு, மறுபக்கம் ரத்தக்கசிவு. உறைவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஹெப்பாரின் மருந்தே இதில் கெடுதலாகலாம் என்று பயந்தார்கள். இதைக் கட்டுக்கதை என்று அன்று சொன்னவர்கள் செய்தது தவறு. ஐரோப்பிய மருந்து முகமை ஏப்ரல் 7ஆம் தேதியே இதை மிக அரிதான பக்கவிளைவாகச் சேர்க்கச் சொல்லிவிட்டது.

எவ்வளவு அரிது? மார்ச் 31 வரை பிரிட்டனில் 2 கோடி ஊசிகளுக்கு 79 பேர், அவர்களில் 19 பேர் இறப்பு. 10 லட்சத்துக்கு 4 பேர். இந்தியாவில் மே 17 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் சொன்ன கணக்கு 10 லட்சம் ஊசிக்கு 0.61. இந்த எண்ணை நான் நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். தலைவலி என்று வந்தவருக்கு உடனே மூளை ஸ்கேன் எடுக்கவும் தட்டணு எண்ணவும் எத்தனை ஊரில் வசதி இருக்கிறது? அப்படி ஒருவர் எங்கள் பக்கம் வீட்டிலேயே இறந்திருந்தால் எந்தக் கணக்கில் ஏறியிருப்பார்? தேடித் தேடி எண்ணிய பிரிட்டனில் பின்னாளில் அந்த எண்ணிக்கை, முதல் டோஸ் போட்ட 10 லட்சம் பேருக்குச் சுமார் 15 என்று உயர்ந்தது. எனக்கு அந்த 15தான் நம்பத்தகுந்ததாகப் படுகிறது. ஊசிக்கு எதிரான தட்டில் குறைத்து வைக்கவே கூடாது, கூட்டியே வைப்போம்.

இனி எதிர்த்தட்டு. இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. அதைவிடத் தெளிவான ஒன்றை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. எங்கள் கையில் அது ஏப்ரலில் இல்லை, ஜூனில்தான் வெளிவந்தது. சென்னையில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், தமிழ்நாடு காவல்துறையினர் 1,17,524 பேரை எடுத்துக்கொண்டு, 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை கொரோனாவால் இறந்தவர்களை எண்ணியது. ஊசியே போடாதவர்கள் 17,059 பேர், இறந்தவர்கள் 20. ஒரு டோஸ் போட்டவர்கள் 32,792 பேர், இறந்தவர்கள் 7. இரண்டு டோஸும் போட்டவர்கள் 67,673 பேர், இறந்தவர்கள் 4.

இதை மெதுவாகப் படிக்க வேண்டும். ஊசி போடாத 853 பேரில் ஒருவர், ஒரே மாதத்தில். இரண்டு டோஸ் போட்டவர்களில் ஏறக்குறைய 17,000 பேருக்கு ஒருவர். இவர்கள் படுக்கையில் கிடந்த முதியவர்கள் இல்லை, வெயிலில் நின்று வேலை பார்த்தவர்கள். எங்கள் அப்பாவைவிட இளையவர்கள். 10 லட்சம் பேர் என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால், ஊசி போடாத காவலர்களில் இறப்பு 1,170. ஊசியால் உறைவு நோய் வருவது, கூட்டி வைத்த கணக்குப்படியே, 15. அவர்களிலும் பெரும்பாலோர் பிழைத்தார்கள். ஒரு பக்கம் மரணம் மட்டும், மறுபக்கம் பிழைத்தவர்களையும் சேர்த்த நோய் எண்ணிக்கை. அப்படியும் இவ்வளவு வித்தியாசம்.

இந்தக் கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஊசி வேண்டாம் என்று ஒதுங்கியவர்களில் ஏற்கெனவே நோயாளிகளாக இருந்தவர்கள் அதிகம் இருந்திருக்கலாம். அப்படியானால் அந்த 20இல் கொஞ்சம் ஊசி போடாததால் வந்தது இல்லை. ஆனால் அந்தக் கொஞ்சத்தைக் கழித்து, இன்னும் கழித்து, பாதியாகவே குறைத்தாலும் 1,170 எங்கே, 15 எங்கே. வேலூர் சிஎம்சி மருத்துவமனை தன் ஊழியர்களிடம் எடுத்த ஆய்வும் இதே பக்கம்தான் சாய்ந்தது: இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 77 விழுக்காடும், ஆக்சிஜன் தேவைப்படும் வாய்ப்பு 92 விழுக்காடும் குறைந்திருந்தது.

ரத்த உறைவுக்குப் பயந்தே ஊசி வேண்டாம் என்றவர்களுக்காக இன்னொரு கணக்கு. இங்கிலாந்தில் 2.9 கோடி ஊசிக்காரர்களின் மருத்துவப் பதிவேடுகளை அலசி 2021 ஆகஸ்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஆஸ்ட்ராசெனெகா போட்ட 1 கோடிப் பேரில் கூடுதலாக 66 பேருக்கு, ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் குழாய்களில் உறைவு. தொற்று வந்த 1 கோடிப் பேரில் கூடுதலாக 12,614 பேருக்கு. எல்லோரும் பயந்த அந்த மூளை உறைவு ஊசிக்குப் பின் 7, தொற்றுக்குப் பின் 20. உறைவுக்குப் பயந்து தொற்றிடம் போவது, எங்கள் பாட்டி சொல்வதுபோல, மழைக்குப் பயந்து குளத்தில் இறங்குவதுதான்.

அப்பாவைப் பொறுத்தவரை இத்தோடு விஷயம் முடிந்தது. தங்கையின் கணக்குதான் என்னை உண்மையில் திணறடித்தது.

அவளுக்கு 24 வயது, எந்த நோயும் இல்லை. அரிய உறைவு நோய் இளையவர்களுக்கு அதிகம். கொரோனாவால் சாவது இளையவர்களுக்குக் குறைவு. இரண்டு தட்டும் ஒரே நேரத்தில் எதிரெதிராக நகர்கின்றன. ஆபத்துகளை எளிய எண்ணில் விளக்கிவந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் விண்டன் மையம் ஏப்ரலில் ஒரு விளக்கப்படம் வெளியிட்டிருந்தது. தொற்று குறைவாக இருக்கும் காலத்தில், 16 வாரத்தில், 20களில் இருக்கும் 10 லட்சம் பேருக்கு ஊசி போட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகாமல் தப்புபவர்கள் 8 பேர். ஊசியால் கடுமையான உறைவுக்கு ஆளாகிறவர்கள் 11 பேர். ஊசிதான் தோற்கிறது! அதே படத்தில் 60களில் இருப்பவர்களுக்கு 141 பேர் தப்புகிறார்கள், 2 பேர் பாதிக்கப்படுகிறார்கள். தொற்று உச்சத்தில் இருக்கும் காலம் என்றால் 20களில் இருப்பவர்களின் 8, 69 ஆகிவிடுகிறது. 60களில் இருப்பவர்களின் 141, 1,277 ஆகிவிடுகிறது. அந்த 11உம் 2உம் மட்டும் அப்படியே நிற்கின்றன.

இந்தப் படத்தை நான் பலமுறை பார்த்தேன். ஊசி நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு அதில் பதிலே கிடையாது. யாருக்கு, எந்த வயதில், எந்த மாதத்தில் என்று கேட்டால்தான் பதில் வருகிறது. பிரிட்டன் ஏப்ரலில் 30 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும், மே மாதம் 40 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் வேறு ஊசி கொடுக்கச் சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான். அவர்களிடம் ஃபைசர் இருந்தது, தொற்றும் அப்போது தணிந்திருந்தது. எங்களிடம் ஃபைசர் இல்லை, தொற்றோ ஏறிக்கொண்டிருந்தது. லண்டனில் இருக்கும் 24 வயதுப் பெண்ணுக்குச் சரியான முடிவு தமிழ்நாட்டில் இருக்கும் 24 வயதுப் பெண்ணுக்குப் பொருந்தாமல் போனதற்கு அறிவியல் இரண்டு மாதிரி இருந்தது காரணமில்லை. ஒரே கணக்கில் வேறு எண்களைப் போட்டால் விடை வேறாகத்தான் வரும்.

தங்கைக்கு முன் இருந்த மாற்று கோவேக்சின். செயலிழக்கச் செய்த முழு வைரஸை வைத்து பாரத் பயோடெக் தயாரித்தது. அந்தப் பழைய முறையில் இந்த உறைவு நோய் பார்க்கப்படவில்லை. அதனால் ஓர் இளம்பெண் கோவேக்சின்தான் வேண்டும் என்று காத்திருந்து போட்டிருந்தால் அதை நான் முழுக்க நியாயம் என்பேன். ஆனால் கோவேக்சினுக்கும் குறை இருந்தது. மூன்றாம் கட்ட ஆய்வு முடிவு இல்லாமலே ஜனவரி 3ஆம் தேதி அனுமதி கொடுத்துவிட்டார்கள். அந்த அவசரத்தை அன்றும் நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஊசி பிறகு 77.8 விழுக்காடு பலன் காட்டியது என்பதால் அன்றைய நடைமுறை சரியாகிவிடாது. மக்களின் நம்பிக்கை அங்கேதான் முதலில் கீறல் விட்டது. இன்னொன்று, ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோவேக்சின் போட வேண்டாம் என்று அந்த நிறுவனம் ஜனவரியில் வெளியிட்ட குறிப்பிலேயே இருந்தது. அப்பாவுக்குக் கோவிஷீல்டு என்று முடிவானது அதனால்தான்.

தங்கை ஜெர்மனியில் படிக்க இடம் வாங்கியிருந்தாள். கோவேக்சினுக்கு உலக சுகாதார அமைப்பின் ஒப்புதல் நவம்பர் 3 வரை வரவில்லை. கோவிஷீல்டின் இரண்டு டோஸுக்கு நடுவே 84 நாள் இடைவெளி. வெளிநாடு போகும் மாணவர்களுக்கு மட்டும் ஜூனில் அதை 28 நாளாகக் குறைத்தார்கள். அவள் ஜூனில் கோவிஷீல்டு முதல் டோஸ் போட்டாள். உடம்பின் கணக்கோடு விசாவின் கணக்கும் சேர்ந்து எடுத்த முடிவு அது. வீட்டில் எடுக்கும் முடிவுகள் இப்படித்தான் இருக்கும்.

சிங்கப்பூரில் இருக்கும் அத்தை மகனுக்கு வேறு கணக்கு. அவனுக்கு ஃபைசர் கிடைத்தது. அதில் இளைஞர்களுக்கு, குறிப்பாக இரண்டாம் டோஸுக்குப் பின், அரிதாக இதயத்தசை வீக்கம் வந்தது. ஊசிக்குப் பிறகு ஒரு வாரம் கடும் உடற்பயிற்சி வேண்டாம் என்று அங்கே வெளிப்படையாக அறிவித்தார்கள். ஆபத்தை மறைக்காமல் சொல்லி, கூடவே என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னால் சனங்கள் பயந்து ஓடுவதில்லை என்பதை அங்கே பார்த்தேன்.

பொறுத்துப் பார்ப்பது என்ற மூன்றாவது வழி கேட்க மிக நிதானமாக இருக்கும். "இன்னும் ரெண்டு மாசம் போகட்டும், என்ன ஆகுதுன்னு பாப்போம்" என்று எங்கள் பெரியமாமா சொன்னார். தொற்று அடங்கிக் கிடக்கும் காலத்தில், இளைய வயதில், இது சரியான முடிவாகவே இருந்திருக்கும். ஏப்ரலில் காலம்தான் இல்லை. ஊசி போட்டதும் அன்றே காப்பு வந்துவிடாது; இரண்டு மூன்று வாரம் ஆகும். அப்பா கடைசியில் ஏப்ரல் 22 அன்று போட்டுக்கொண்டார். உடம்பு ஓரளவு தயாராகும்போது மே பத்து தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் இரண்டாம் அலை உச்சம் தொட்டது மே 21. அன்று ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று. நாங்கள் ஐந்து நாள் தயங்கியதே அதிகம். மாமா சொன்ன இரண்டு மாதம் என்பது அலை முழுவதும் தலைமேல் ஏறிப்போகும் காலம். அதிலும் அந்த அலையில் பரவிய டெல்டா என்ற வைரஸ் வகைக்கு ஒரு டோஸ் போதவில்லை: இங்கிலாந்தின் கணக்குப்படி அறிகுறியோடு நோய் வராமல் தடுப்பதில் ஆஸ்ட்ராசெனெகா ஒரு டோஸ் 33 விழுக்காடு, இரண்டு டோஸ் 60 விழுக்காடு. மருத்துவமனைக்குப் போகாமல் தடுப்பதில் நிலைமை மேல்; 71, 92.

அப்பா ஊசி போட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் வேப்பமரத்தடியில் இடைவெளி விட்டுப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள். செவிலியர் இடது தோளில் போட்டுவிட்டு, பஞ்சை அப்பாவின் விரலாலேயே அழுத்தச் சொன்னார். "மாத்திரை சாப்பிடுறீங்கள்ல ஐயா, அஞ்சு நிமிசம் எடுக்காதீங்க." அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஊசி ஒவ்வாமல் போவது என்றால் பெரும்பாலும் அந்த அரை மணிக்குள்தான். அப்படி ஒரு மரணமும் நம் நாட்டில் உறுதியானது: மார்ச் 8 அன்று ஊசி போட்ட 68 வயதுப் பெரியவர். அதை அரசே ஜூனில் ஒத்துக்கொண்டது. அப்பா அந்த அரை மணியும் பஞ்சை எடுக்கவில்லை. பொட்டலத்தில் நான்கு பாரசிட்டமால் கொடுத்தார்கள். அன்றிரவு 101 டிகிரி காய்ச்சல், நடுக்கம். இது ஊசிக் காய்ச்சலா, வரிசையில் நின்றபோது தொற்றிய நோயா? விடிய விடிய விரலில், ரத்தத்தில் ஆக்சிஜன் அளக்கும் ஆக்சிமீட்டரை மாட்டி மாட்டிப் பார்த்தேன். 97, 96, 97. இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது.

நான்காவது வழி, வந்தால் வரட்டும். தொற்று வந்து போனால் கிடைக்கும் எதிர்ப்பாற்றல் உண்மையானதுதான். அதை இல்லை என்று சொல்வது பொய். ஆனால் அதன் விலையை முதலிலேயே கட்டிவிட வேண்டும். எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு அந்த விலை எவ்வளவு ஏறும் என்பதை அந்த மே மாதம் காட்டியது. நோய்க்கு ஸ்டீராய்டு, ஸ்டீராய்டால் சர்க்கரை எகிறல், அதன்மேல் கருப்புப் பூஞ்சை. ஜூலைக்குள் நாடு முழுவதும் 45,000 பேருக்கு மேல் அந்த நோய். உயிரைக் காப்பாற்றக் கண்ணையே எடுக்க வேண்டி வந்தவர்கள் இருந்தார்கள்.

மூன்று வருடம் கழித்து, 2024 ஏப்ரல் கடைசியில், தங்கை ஜெர்மனியில் இருந்து இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டாள். ஆஸ்ட்ராசெனெகா தன் ஊசியால் மிக அரிதாக உறைவு நோய் வரலாம் என்று பிரிட்டன் நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்ட செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது.

"அக்கா, எனக்கு ஏதாவது ஆயிடுமா? நீதான் போடச் சொன்ன."

அந்தக் கடைசி வாக்கியம் குத்தியது. அந்த நோய் வருவதானால் ஊசி போட்ட சில நாளில் இருந்து சில வாரத்துக்குள் வரும். விடாத தலைவலி, பார்வை மங்கல், கால் வீக்கம், வயிற்றுவலி, தோலில் சிவப்புப் புள்ளிகள் என்று. மூன்று வருடம் காத்திருந்து வருவதில்லை. நீதிமன்றத்தில் அவர்கள் சொன்னதும் 2021 ஏப்ரலிலேயே நாம் நோட்டில் எழுதியதுதான். இதைச் சொன்னேன், சமாதானமானாள். இளைஞர்கள் திடீரென இறப்பதற்கு ஊசியா காரணம் என்று, காவலர்களை எண்ணிய அதே சென்னை நிறுவனம் 18 முதல் 45 வயது வரை 729 மரணங்களை எடுத்து ஆராய்ந்து 2023இல் வெளியிட்டிருந்தது. கொரோனாவால் மருத்துவமனையில் கிடந்தது, குடும்பத்தில் அப்படி ஒரு சாவு, இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் அளவுமீறிக் குடித்தது ஆகியவைதான் ஆபத்தைக் கூட்டின. இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு ஆபத்து குறைந்தே இருந்தது. அதையும் அனுப்பிவைத்தேன்.

போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. 10 லட்சத்தில் 15 என்று எழுதிவிட்டேன். அந்த 15 பேருக்கும் அம்மா அப்பா உண்டு. ஊரையே காப்பாற்ற எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று அரசு கேட்டது. கேட்டது சரி. போட்டுக்கொண்டு பாதிக்கப்பட்டவரின் குடும்பத்தைத் தாங்கும் கடமையும் அதோடு வர வேண்டும். பிரிட்டனில் அதற்கென்று 1,20,000 பவுண்டு தரும் ஏற்பாடு இருக்கிறது. அது போதாது என்று அங்கேயே சண்டை. இங்கே 2022 நவம்பரில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில், இழப்பீட்டுக்கு நாங்கள் பொறுப்பில்லை, வேண்டுமானால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகட்டும் என்றது. மகளை இழந்தவர்கள் எந்த வக்கீலை வைத்து, எத்தனை வருடம் அலைவார்கள்? தடுப்பூசியை முழு மனதோடு ஆதரிக்கிறவர்கள்தான் இதை எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். அடுத்த பெருந்தொற்றில் ஊசியை நம்பச் சொல்லி ஒரு வீட்டுக் கதவைத் தட்டும்போது, இந்தக் குடும்பங்களுக்கு என்ன செய்தீர்கள் என்ற கேள்வி முதலில் வரும்.

பெரியமாமா ஊசி போடாமலே இருந்தார். மே கடைசியில் அவருக்குத் தொற்று வந்தது. ஐந்து நாள் காய்ச்சல், இருமல், வாசனை போய்விட்டது. அத்தை கஞ்சியும் கபசுரக் குடிநீரும் கொடுத்தாள். எழுந்துவிட்டார். ஜூன் முழுக்க எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "பாத்தியா, ஊசி போடாமலே தப்பிச்சிட்டேன்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது பொய்யில்லை. ஊசி போடாத 17,059 காவலர்களிலும் 17,039 பேர் அப்படிச் சொல்லியிருக்க முடியும். ஊசி போட்ட அப்பாவும் நன்றாக இருந்தார்; ஊசியால்தான் நன்றாக இருந்தார் என்று என்னாலும் நிரூபிக்க முடியாது. ஒரு திண்ணையில் இருந்து பார்த்தால் இரண்டு வழியும் ஒன்று போலத்தான் தெரியும். ஊரூராக, வீடுவீடாக எண்ணிக் கூட்டினால்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

செப்டம்பர் 12, ஞாயிறு. மாநிலம் முழுக்க முதல் மெகா முகாம். அன்று ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் பெயர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தொற்று வந்து குணமானவர்கள் மூன்று மாதம் கழித்துப் போடலாம் என்பது விதி. பத்து மணி வாக்கில் வரிசையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெரியமாமா நின்றார். என்னைப் பார்த்ததும் ஆதாரை நீட்டினார்.

"என்ன மாமா, நீங்கதான் தப்பிச்சிட்டீங்களே?"

"உன் நோட்டுக் கணக்கு எனக்குப் புரியலம்மா. அடுத்த தடவையும் இப்படி லேசாப் போகும்னு யாரும் எழுதிக் குடுக்கல, அதான்" என்று சட்டைக் கையைச் சுருட்டினார்.